மாமியாரைத் தோப்பில் படுக்கவைத்த விடைத்தாள்

இரண்டு நாடகங்களையும் பாடத்திட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்களான எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே ஒப்பாரி. காதலின் தூய்மையை இனிப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக்கொடுப்பார்கள் என்று ஒருவர் கேட்கிறார். இல்லறத்தின் மாண்பு அழிந்தது என்று அழுகிற இன்னொருவர், இரண்டு வருடமாக வீட்டில் மனைவியோடு பேசுவதில்லை. போதாததற்கு இப்போது உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்கிற இரண்டு பேர் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "மிஸ், நீங்க இந்த நாடகங்கள இருபத்தாறு வருசம் படிப்பிச்சிருக்கீங்க, விடைத்தாளும் திருத்தியிருக்கீங்க, எங்க ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தாங்களேன்" என்று கேட்டார்கள். இரங்கல் உரையைத்தான் எதிர்பார்க்கிறார்கள். எனக்கு இரங்கல் வரவில்லை. நல்லதாய்ப் போயிற்று என்றுதான் தோன்றுகிறது.

நாடகங்களின் பெயரை எழுதப்போவதில்லை. பெயரைக் கேட்டதுமே கைகூப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஒன்றைக் காதல் நாடகம் என்றும் மற்றதைக் கலியாண நாடகம் என்றும் வைத்துக்கொள்வோம். நான் திருத்தியது எந்தப் பரீட்சை, எந்த ஆண்டு என்பதையும் சொல்லமாட்டேன். சொல்வதில்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

காதல் நாடகத்தில் ஒரு சிற்றரசனின் மகள். அரண்மனைச் சுவருக்குச் சித்திரம் எழுத வந்தவன் ஒருவன். இருவரும் மாந்தோப்பில் சந்திக்கிறார்கள். ஐந்து அங்கமும் அதே மாந்தோப்புத்தான். ஐந்து அங்கத்திலும் ஒருவருக்கும் பசிக்கவில்லை, ஒருவரையும் நுளம்பு கடிக்கவில்லை. கடைசியில் தகப்பனின் வீரர்கள் சூழ்ந்துகொள்ள, இருவரும் கைகோத்தபடி ஆற்றில் இறங்கிவிடுகிறார்கள். கலியாண நாடகத்தில் துறைமுகப் பட்டினத்து வணிகனின் பெரிய மாளிகை. அவன் கப்பலில் போவான், வருவான். அவன் மனைவி பன்னிரண்டு வருடம் எல்லோருக்கும் முதல் எழும்பி எல்லோருக்கும் கடைசியாகப் படுக்கிறாள். புருசனிடம் சொல்லவேண்டியதையெல்லாம் மாமியாரை வைத்துக்கொண்டே சொல்கிறாள். கடைசிக் காட்சியில் மாமியார் நோயில் விழுந்து சாவிக்கொத்தை மருமகளிடம் கொடுக்க, இவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் திரை விழுகிறது. முழு வாழ்க்கையையும் கொடுத்தவளுக்கு ஒரு சாவிக்கொத்து.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காதலும் கலியாணமும் சித்திரிக்கப்படும் முறையை ஒப்பிடுக என்று ஏதாவது ஒரு வடிவில் வருடா வருடம் கேள்வி வரும். விடையும் வருடா வருடம் ஒன்றுதான். "காதலில் பூத்தது இல்லறத்தில் கனிந்தது." யாரோ ஒரு புண்ணியவான் வழிகாட்டி நூலில் எழுதிவைத்தான். நாடெங்கும் பிள்ளைகள் அதை மனனம் செய்தார்கள். நானும் செய்வித்தேன். பூத்தவர்கள் ஆற்றில் போய்விட்டார்களே, பிறகு எந்த மரத்தில் கனிந்தது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, கேட்டிருந்தால் உட்கார் என்று சொல்லியிருப்பேன்.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இரண்டு வருடத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கரும்பலகையில் நேர்க்கோட்டில் எழுதப் பழகினேன், ஓர் ஆளையும் பழகினேன். கல்லூரிச் சுற்றுலாவில் மாத்தளைப் பக்கத்து நாலந்தாவுக்குப் போனபோது அந்தப் பழைய கற்கோயிலுக்குப் பக்கத்து மரத்தடியில் நின்று காதல் நாடகத்தின் மூன்றாம் அங்க வசனத்தை எனக்கு ஒப்புவித்தார். சொல்லும்போதே அவர் கண்ணில் நீர் வந்தது. நான் உருகிப்போனேன். காற்சட்டைக்குள் சிவப்பு எறும்பு ஏறியிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

அவர் உக்குவளையில் கடை வைத்திருந்த குடும்பம். நான் எல்கடுவப் பக்கத்துத் தோட்டமொன்றில், தொழிலாளர்களுக்கான வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலைசெய்து செத்துப்போனார். அம்மா கொழுந்து பறித்து எங்களை வளர்த்தார். கலியாணம் பேசுமுன் அவர் என்னிடம் ஒரே ஒரு விசயம் கேட்டார். "உங்கப்பா தோட்டத்து ஆபீஸ்ல கிளாக்கரா இருந்தாருன்னு வீட்ல சொல்லியிருக்கேன். நீயும் அப்படியே சொல்லிரு. லயத்துக் கதையெல்லாம் வேணாம்." எனக்கு இருபத்துநான்கு வயது. அதையும் காதல் என்றே எடுத்துக்கொண்டேன்.

உக்குவளை வீட்டில் நான்கு அறைகள். என் மாமியார் அவற்றில் ஒன்றிலும் படுக்கவில்லை. நடுச்சாலையில், அதாவது வீட்டுக் கூடத்தில், எங்கள் அறைக் கதவோடு சேர்த்துக் கட்டிலைப் போட்டுக்கொண்டார். உள்ளே நாங்கள் திரும்பிப் படுத்தால் வெளியே இருமல் கேட்கும். கலியாண நாடகத்தை நான் எப்படி இவ்வளவு உணர்ச்சியோடு படிப்பிக்கிறேன் என்று பள்ளிக்கூட அதிபர் பாராட்டியிருக்கிறார்.

இனி விடைத்தாள் விசயத்துக்கு வருகிறேன். அது நடந்து பதினைந்து வருடத்துக்கு மேலாகிறது. மாத்தளை நகரில் ஒரு பள்ளிக்கூடத்து மேல்மாடியில் திருத்துகிற நிலையம். ஆறு பேர் கொண்ட எங்கள் குழுவுக்குத் தலைமைப் பரீட்சகர் யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த, நரைத்த மனிதர். சேர் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டோம். எங்களுக்குச் சிவப்புப் பேனா, அவருக்குப் பச்சை. நாங்கள் வருமுன்பே வந்து மேசைகளை ஓர் அடி இடைவெளியில் இழுத்துவைத்திருப்பார். விடைத்தாளை நின்றுகொண்டுதான் வாசிப்பார். "இருந்து வாசிச்சா நித்திரை வரும், நித்திரையில நீதி வராது" என்பார். பிழை என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டதில்லை. போதாது என்பதற்கு அவர் ஊர்ப் பேச்சில் "இது காணாது" என்று மட்டும் சொல்லித் தாளைத் திருப்பித் தருவார். அந்த இரண்டு சொல்லுக்கு நடுங்காதவர் அந்த அறையில் இல்லை.

அவர் வைத்த ஓர் ஒழுங்கை விளக்கவேண்டும். புள்ளித்திட்டத்தில் இல்லாத ஒரு விடைக்குப் புள்ளி கொடுக்க விரும்பினால், ஒரு துண்டுத் தாளில் சொல், பொருள், ஆதாரம் என்று மூன்றையும் எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். பிறகு எழும்பி நின்று அதைச் சத்தமாக வாசிக்கவேண்டும். மற்ற ஐந்து பேரும் அதே நியாயத்தைத் தங்கள் தாள்களுக்கும் பார்ப்பதற்காக அந்த ஏற்பாடு. முதல் நாளே மட்டக்களப்பு ஆசிரியர் ஒருவர் வாவி மீனவர்களின் சொல் ஒன்றுக்கு அப்படி எழுதி வாசித்தார். சேர் தலையாட்டினார். பிள்ளைக்குப் புள்ளி கிடைத்தது.

மூன்றாம் நாள் காலை எனக்குத் தந்த தாள்கட்டுக்குள் அந்த விடைத்தாள் வந்தது. சுட்டெண் தவிர வேறு அடையாளம் இல்லை. சாய்ந்த, சிறிய, அழுத்தமான எழுத்து. பூவும் இல்லை, கனியும் இல்லை. ஒப்பீட்டுப் பகுதியில் இப்படி இருந்தது:

"கலியாண நாடகத்தில் பல அறைகள் உள்ளன. ஆனால் மாமியார் பன்னிரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடத் தோப்பில் படுக்கவில்லை. மாமியார் தோப்புக்குப் போகாத வீட்டில் கலியாணம் நடந்தது என்று எப்படிச் சொல்வது? காதல் நாடகத்தில் அவர்களுக்கு அறையே இல்லை. ஆகவே ஆற்றுக்குப் போனார்கள். இரண்டு நாடகத்திலும் அந்த இருவரையும் தனியே விடுவதற்கு ஒருவரும் எழும்பவில்லை. இதுதான் ஒற்றுமை."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. லயத்து வீடு என்றால் ஒரு காம்பரா, அதாவது ஒரே ஓர் அறை, அதற்கு முன்னால் அரைச்சுவர் வைத்த ஒரு தாழ்வாரம். அந்தத் தாழ்வாரத்துக்கு இஸ்தோப்பு என்று பெயர். ஒரே காம்பராவில் எட்டுப் பேர் படுக்கிற வீட்டில் மகனுக்குக் கலியாணம் முடிந்தால், அன்றே தாய் பாயைச் சுருட்டிக்கொண்டு இஸ்தோப்புக்குப் போய்விடுவாள். தாலி, சாப்பாடு, பதிவு எல்லாம் இருக்கட்டும். தாய் வெளியே போய்ப் படுத்தால்தான் உள்ளே கலியாணம்.

அது ஏன் தோப்பாயிற்று என்பதும் விளங்கிற்று. அதுதான் என்னைச் சுட்டது. தோட்டத்துப் பிள்ளைகள் இஸ்கூல், இஸ்டேசன் என்று சொல்வார்கள். முன்னால் ஒட்டியிருக்கிற இகரத்தை வெட்டு என்று நாங்கள் படிப்பிப்போம். மறு வகுப்பில், ஸகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது, அதையும் வெட்டு என்போம். அந்தப் பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. இரண்டு விதியையும் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டு இஸ்தோப்பைத் தோப்பாக்கிவிட்டது. நல்ல தமிழில் எழுதவேண்டும் என்று ஆசைப்பட்டு, சொல்ல வந்ததை மாமரத்துக்குக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டது. இந்த விதிகளை மேசையில் தட்டித் தட்டிச் சொன்னவர்களில் நானும் ஒருத்தி.

விளங்கிய நான் என்ன செய்தேன்? தோப்பு என்ற சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டேன். "நாடகங்களைக் குழப்பியுள்ளார்" என்று ஓரத்தில் எழுதினேன். ஒப்பீட்டுக்குரிய ஆறு புள்ளியில் பூச்சியம் போட்டேன். புள்ளி கொடுத்தால் துண்டுத் தாளில் ஆதாரம் எழுதி வாசிக்கவேண்டும். எனக்கு அடுத்த மேசையில் சுகந்தி டீச்சர் இருந்தார். என்னோடு ஒரே பள்ளிக்கூடம், உக்குவளையில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி. கிளாக்கர் மகள் லயத்து வழக்கத்துக்கு எப்படிச் சாட்சி சொல்வது? அந்தப் பூச்சியத்தைப் போட எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

சேர் ஒவ்வொரு கட்டிலிருந்தும் சில தாள்களை உருவி மறுபடி வாசிப்பார். அன்று அதை உருவினார். நின்றபடி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து இன்னொரு தரம் வாசித்தார்.

"ரீச்சர், இதுக்கு ஏன் பூச்சியம்?"

"குழப்பிட்டாங்க சேர். தோப்பு முதல் நாடகத்துல வர்றது."

"அப்பிடித் தெரியேல்லை. மிச்சமெல்லாம் தெளிவா எழுதின பிள்ளை, இதில மட்டும் குழம்புமோ? மாமியார் தோப்பில படுக்கிற வழக்கம் ஏதும் எங்கையும் இருக்கோ?" என்று அறையைப் பார்த்துக் கேட்டார். சுகந்தி டீச்சர்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். சேர் சிரிக்கவில்லை. "உங்கட பக்கத்தில, ரீச்சர்?" என்று என்னிடமே திரும்பக் கேட்டார்.

"தெரியல சேர்" என்றேன்.

"தெரியாட்டி ஒண்டும் செய்யேலாது. நாளைக்குப் பத்து மணிக்குக் கட்டுகளைச் சீல் வைக்கிறம்" என்று தாளைத் திருப்பித் தந்தார். மத்தியானம் சோற்றுப் பார்சல் பிரித்த இடத்தில் அதுதான் பகிடி. யாராவது வெளியே போக எழும்பினால், தோப்புக்கா என்று கேட்டார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் சந்தேகப்படுவார்கள் என்று மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடவே சிரித்தேன்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணீர் குடிக்கும்போது என் கணவரிடம் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. எனக்குத் தெரியாத ஒரு சமாதானத்தை அவர் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவர் கோப்பை தளும்பத் தளும்பச் சிரித்தார்.

"அடப் பாவமே, இஸ்தோப்பையில்ல சொல்லுது அந்தப் புள்ள! லயத்துப் புள்ளதான், சந்தேகமே இல்ல. நல்ல வேளை, நீ வாயத் தொறக்கல."

அவருக்கும் உடனே விளங்கியிருந்தது. மூன்றாம் அங்கத்தை மரத்தடியில் ஒப்புவித்த அதே வாய்தான் இதையும் சொன்னது. எனக்கு அவர்மேல் வந்த வெறுப்பை இப்போதும் மறைக்க விரும்பவில்லை. அதைவிட என்மேல் வந்த வெறுப்பு பெரிது. அவர் என்னை வாயை மூடு என்று அன்று சொல்லவே இல்லை. அவர் சொல்லுமுன்பே நான் மூடியிருந்தேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கே போய், அந்தத் தாளைத் திரும்பப் பார்க்கவேண்டும் என்றேன். சேர் ஏன் என்று கேட்கவில்லை. ஒரு துண்டுத் தாளைத் தந்தார். சொல்: தோப்பு, அதாவது இஸ்தோப்பு. பொருள்: லயத்துக் காம்பராவின் முன் தாழ்வாரம். ஆதாரம்: மலையக வழக்கு. கையெழுத்து வைத்துக் கொடுத்தேன். நின்றபடி வாசித்தார்.

"இது காணாது. நேற்றுத் தெரியாத வழக்கு இண்டைக்கு எப்பிடித் தெரியும்? ஆர் சொன்னது?"

மற்றவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். சுகந்தி டீச்சர் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"எங்கம்மா சேர்."

"அப்ப அதை எழுதுங்கோ."

எழுதினேன். எழும்பி நின்று வாசித்தேன். "ஆதாரம்: என் தாய், கொழுந்து பறித்தவர், எல்கடுவத் தோட்டத்து லயம்." யாரும் சிரிக்கவில்லை. சுகந்தி டீச்சர் என்னைப் பார்க்காமல் தன் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உண்மையா மாமியார் வெளியில படுக்கிறவையோ?" என்று சேர் கேட்டார்.

"எங்கண்ணன் கலியாணத்தன்னிக்கு அம்மா பாயச் சுருட்டிக்கிட்டு வெளிய வந்தாங்க சேர். நானும் கூட வந்தேன். சாக்கத் தொங்கவிட்டாலும் சாரல் அடிக்கும். நான் சோதனைக்குப் படிச்சதெல்லாம் அங்கதான்."

"எவ்வளவு காலத்துக்கு?"

"வேற காம்பரா கெடைக்கிற வரைக்கும். கெடைக்காட்டி, சாகுற வரைக்கும்."

அவர் பச்சைப் பேனாவால் என் பூச்சியத்தின்மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் ஆறு என்று எழுதினார். "எத்தினை வருசமா உந்தப் பூவையும் கனியையும் வாசிக்கிறன். ஒப்பிடச் சொன்னதுக்கு இண்டைக்குத்தான் ஒரு பிள்ளை ஒப்பிட்டிருக்கு" என்றார். பிறகு தாளை என் பக்கம் தள்ளினார். "உங்கட பூச்சியத்துக்குப் பக்கத்திலயும் ஒரு கையெழுத்து வையுங்கோ, ரீச்சர். ஆர் போட்டது எண்டு இருக்கவேணும்." வைத்தேன். என் வாழ்க்கையில் நான் வைத்த கையெழுத்துகளில் அதுதான் மிகவும் கஷ்டமானது. அந்தப் பிள்ளை ஆணா பெண்ணா, எந்தத் தோட்டம், பிறகு என்ன ஆனது, எதுவும் எனக்குத் தெரியாது.

செய்தி என் பஸ்ஸுக்கு முன்பே உக்குவளைக்கு வந்து சேர்ந்துவிட்டது. என் கணவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒரு வாரம் பேசவில்லை. என் மாமியார் கட்டிலில் படுத்தபடியே, "கிளாக்கர் கதையா? அது பொய்யின்னு கலியாணத்துக்கு முந்தியே எனக்குத் தெரியும்" என்றார். பதினைந்து வருடம் நாங்கள் நடித்த நாடகத்துக்கு ஒருவர்கூட ஏமாறவில்லை.

அடுத்த வாரம் அம்மா வந்தார். மாதம் ஒரு தரம் மாத்தளையில் கிளினிக்குக்கு வருவார். அன்றிரவு எங்களோடு தங்கி மறுநாள் எல்கடுவ பஸ் ஏறுவார். வருகிற ஒவ்வொரு தரமும் வீட்டுக்குள் படுக்காமல், முன் விறாந்தையில் பாயை விரித்துக்கொள்வார். அது எனக்குத் தலைகுனிவாக இருக்கும். லயத்துப் புத்தி மாறவில்லையே என்று உள்ளுக்குள் எரிச்சல்படுவேன். ஆனால் உள்ளே வாங்க என்று ஒரு தரமும் அழுத்திக் கூப்பிட்டதில்லை, கூப்பிட்டால் எந்த அறையில் என்ற கேள்வி வரும்.

அன்று நான் எங்கள் கட்டிலில் புதுத் துணி விரித்தேன். என் கணவரைச் சாலையில் படுக்கச் சொன்னேன், முறைத்துக்கொண்டு போனார். அம்மாவின் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்தேன். அம்மா கையை உதறிவிட்டார்.

"மருமகப்புள்ள படுக்கிற எடத்துல நான் படுக்கவா? ஒனக்கு வெக்கமா இல்லையா புள்ள?"

"வெக்கப்பட்டதெல்லாம் போதும்மா. இந்த வீட்டுல நாலு காம்பரா இருக்கு. நீங்க ஏன் இன்னும் வெளியவே படுக்கிறீங்க?"

அம்மா சாலைப் பக்கம் எட்டிப் பார்த்தார். என் மாமியார் வழக்கம்போலக் கதவோடு சேர்ந்த கட்டிலில் படுத்திருந்தார். அம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்த அம்மா நீ வந்த அன்னையிலருந்து எந்திரிக்கலையே தாயி. ஒருத்தியாச்சும் வெளிய போய்ப் படுக்கணும்ல. இல்லாட்டி ஒனக்கு எப்பிடிக் கலியாணம் முடிஞ்சதாவும்? அதுக்குத்தான் நான் வர்றப்பல்லாம் போய்ப் படுக்கிறேன்."

சொல்லிவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனார்.